கிளினிக் வேலையை விடாம மேல்படிப்பு: சிங்கப்பூர் வெட்னரி டாக்டர்களுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது

பெர்த்ல வெட்னரி, அதாவது கால்நடை மருத்துவம், முடிச்சுட்டு ஊருக்கு வந்து சின்னப் பிராணி கிளினிக்ல சேர்ந்து ஆறு வருஷம் கழிச்சுத்தான் மேல்படிப்பு எண்ணம் வந்துச்சு. நம்ம ஊர்ல வெட்னரி காலேஜே கிடையாது, முதல் டிகிரிக்கு வெளியூர் போன மாதிரி இதுக்கும் போயாகணும்னு நினைச்சு ரெண்டு வருஷம் சும்மா தள்ளிப்போட்டேன். வீட்டு லோன் ஓடிக்கிட்டு இருக்கு, அம்மாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ், இதுல ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அப்புறம் மூணு வருஷம் ரெசிடென்ஸின்னு கிளம்புறது நடக்கிற காரியமா என்ன.

அப்புறம்தான் தெரிஞ்சுது, வேலையில இருக்கிற வெட்னரி டாக்டர்களுக்காகவே பகுதி பகுதியா, வீட்ல இருந்தபடி முடிக்கிற மாதிரி சர்டிஃபிகேட் நிறைய இருக்குன்னு. ஆனா சேர்றதுக்கே எனக்கு பதினோரு மாசம் ஆச்சு, ஒரு இன்டேக் முழுசா கைவிட்டுப் போச்சு. பாடம் கஷ்டம்னு இல்ல. பேப்பர், பணம், ரோஸ்டர், இந்த மூணுலதான் மாட்டினேன். இந்த மூணையும் காசு கட்டுறதுக்கு முன்னாடியே சரி பண்ணிட்டா பாதி தலைவலி வராது, அதனால இதை எழுதுறேன்.

1. எந்த எழுத்து எதுக்குன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

பேருக்குப் பின்னாடி போடுற எழுத்துகள் எல்லாம் ஒண்ணு கிடையாது. யுகேல 60 கிரெடிட் முடிச்சா போஸ்ட்கிராஜுவேட் சர்டிஃபிகேட், 120 முடிச்சா டிப்ளமா, 180 முடிச்சா மாஸ்டர்ஸ், இதுதான் பொதுவான படி. நிறைய கோர்ஸ்ல நடுவுல நிறுத்தினாலும் அதுவரைக்கும் எடுத்த கிரெடிட்டுக்கு ஏத்த பட்டத்தோட வெளிய வரலாம், இது நம்மள மாதிரி வீட்ல எப்ப என்ன நடக்கும்னு தெரியாதவங்களுக்கு ரொம்ப முக்கியம், சேரும்போதே இதைக் கேட்டு வச்சுக்கோங்க.

இதுல எதை முடிச்சாலும் நீங்க ஸ்பெஷலிஸ்ட் ஆகமாட்டீங்க. ஸ்பெஷலிஸ்ட்னா ரெசிடென்ஸி, போர்டு தேர்வு, அது வேற பாதை. சர்டிஃபிகேட் கையில வந்ததும் கிளினிக் போர்டுலயும் ஃபேஸ்புக்லயும் ஸ்பெஷலிஸ்ட்னு போட்டுட்டு அப்புறம் மாட்டிக்காதீங்க. பிராணி வளர்க்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, நம்பி வர்றாங்க, நாமதான் சரியா சொல்லணும்.

2. உங்களுக்கு எந்த வகை ஒத்துவரும்னு பாருங்க

நான் பார்த்து அலசினது இவ்வளவுதான், இதைவிட நிறைய இருக்கு.

யுகேல ராயல் காலேஜ் ஆஃப் வெட்னரி சர்ஜன்ஸ், சுருக்கமா ஆர்சிவிஎஸ், அவங்களோட சர்ட்ஏவிபி. இது மொத்தம் 60 கிரெடிட். ஆர்சிவிஎஸ் நேரடியா பாடம் நடத்தாது, லிவர்பூல், லண்டன் ராயல் வெட்னரி காலேஜ் மாதிரி யுனிவர்சிட்டிங்கதான் மாட்யூல் (பாடப் பகுதி) நடத்தி மார்க் போடும். ஒவ்வொரு மாட்யூலா எடுக்கலாம், நடுவுல மூச்சு விடலாம். இஷ்டப்பட்ட மாட்யூல்களைச் சேர்த்து பொதுவான சர்டிஃபிகேட்டா வாங்கலாம், இல்ல ஸ்மால் அனிமல் மெடிசின் மாதிரி ஒரு துறைப் பேரோட வேணும்னா குறிப்பிட்ட மாட்யூல்களை எடுத்துட்டு கடைசில சினாப்டிக்னு எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு தேர்வும் எழுதணும். சட்டம், தொழில்நெறி, ஆதாரத்தைத் தேடிப் படிக்கிறது, தன் வேலையைத் தானே திரும்பிப் பார்க்கிறது இதெல்லாம் சேர்ந்த அடிப்படை மாட்யூலைத் தாண்டாம சர்டிஃபிகேட் கிடையாது. நிறைய பேர் அதை போர்னு கடைசிக்குத் தள்ளுறாங்க. நான் முதல்ல எடுத்தேன், அது எவ்வளவு நல்லதுன்னு ஒன்பதாவது படில சொல்றேன்.

ஆஸ்திரேலியா பக்கம்னா ஆஸ்திரேலியன் அண்ட் நியூசிலாந்து காலேஜ் ஆஃப் வெட்னரி சயின்டிஸ்ட்ஸ். அவங்க மெம்பர்ஷிப் முழுக்க தேர்வுதான், எழுத்தும் உண்டு வாய்மொழியும் உண்டு, வருஷத்துக்கு ஒரே தடவை, தவறினா அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கணும். விண்ணப்பத்தைத் தேர்வுக்குப் பல மாசம் முன்னாடியே மூடிடுவாங்க. இதுக்குத் தயாராக நிறைய பேர் சிட்னி யுனிவர்சிட்டியோட சென்டர் ஃபார் வெட்னரி எஜுகேஷன் நடத்துற தொலைதூரக் கோர்ஸ்ல சேர்றாங்க, அது பிப்ரவரில ஆரம்பிச்சு வருஷம் முழுக்க ஓடும். அந்தக் கோர்ஸ் முடிச்சதாலயே மெம்பர்ஷிப் வந்துடாது, ரெண்டும் தனி. இதைக் குழப்பிக்கிட்டு ரெண்டு பேர் என்கிட்ட கேட்டாங்க, அதான் அழுத்திச் சொல்றேன். மெம்பர்ஷிப்புக்கு மேல ஃபெல்லோஷிப்னு ஒண்ணு இருக்கு, அதுதான் ஸ்பெஷலிஸ்ட் பாதை.

ஜிபிசர்ட்னு ஒண்ணு இருக்கு, அது ஐஎஸ்விபிஎஸ்னு ஒரு அமைப்பு குடுக்கிறது, வகுப்பு தொகுதி தொகுதியா இருக்கும், கடைசில தேர்வும் கேஸ் ரிப்போர்ட்டும். கைவேலை நிறைய வேணும்னு நினைக்கிறவங்களுக்கு இது பிடிக்கும். எடின்பரோ, நியூசிலாந்து மாசே மாதிரி இடங்கள்ல பார்ட் டைம் ஆன்லைன் மாஸ்டர்ஸ் இருக்கு, ஆராய்ச்சி பக்கம், கற்பிக்கிற பக்கம் போக ஆசை இருந்தா அதைப் பாருங்க.

தேர்வு எழுதினாத்தான் படிக்கிற ஆளா நீங்க, இல்ல மாசாமாசம் அசைன்மென்ட் குடுத்து விரட்டினாத்தான் படிக்கிற ஆளா? இந்த ஒரு கேள்விக்கு நேர்மையா பதில் சொன்னா பாதி பட்டியல் தானா கழிஞ்சுடும். எனக்கு ரெண்டாவது, அதனால யுகே பக்கம் போனேன்.

3. மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்க

யுகே கிரெடிட்ல 1 கிரெடிட்னா 10 மணிநேரப் படிப்புன்னு கணக்கு. 10 கிரெடிட் மாட்யூல் 100 மணிநேரம், அது பத்து வாரம் ஓடினா வாரத்துக்கு 10 மணிநேரம். மொத்த சர்டிஃபிகேட் 600 மணிநேரம். இதை முன்னாடியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தா முதல் தடவை ரெண்டு மாட்யூலை ஒரே நேரத்துல எடுத்திருக்கமாட்டேன். வாரம் 20 மணிநேரம், அதுவும் அஞ்சரை நாள் கிளினிக், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நைட் ட்யூட்டியோட, நாலாவது வாரம் உடம்பு படுத்துருச்சு, ஒரு மாட்யூல விட்டேன், கட்டின காசு திரும்ப வரல.

உங்க ரோஸ்டரை மூணு மாசத்துக்கு எடுத்து வச்சு, நிஜமா எந்த நாள் எந்த மணிநேரம் சும்மா இருக்கீங்கன்னு குறிங்க. "ராத்திரி வீட்டுக்கு வந்து படிப்பேன்"னு குறிக்காதீங்க, பத்து மணி வரைக்கும் சர்ஜரி பார்த்துட்டு வந்து யாராலயும் ஜர்னல் படிக்க முடியாது. எனக்கு நடந்த வழி இதுதான்: ஆஃப் டே அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகம் திறந்ததும் உள்ள போயி மதியம் ரெண்டு வரைக்கும், அப்புறம் அம்மா டயாலிசிஸ்ல இருக்கிற நாலு மணிநேரம், அந்த சென்டர் நாற்காலிலயே லேப்டாப். ரெண்டும் சேர்ந்து எட்டு மணிநேரம், மீதி ரெண்டு மணிநேரம் எம்ஆர்டில போகவர ரெக்கார்டிங் கேட்கிறது.

4. முதலாளிகிட்ட எழுத்துல வாங்குங்க

ஃபீஸ்ல பாதி குடுக்கிறேன்னு கிளினிக் சொன்னா சந்தோஷம்தான், ஆனா பாண்டு பேப்பரை, அதாவது இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்ப்பேன்னு எழுதிக் குடுக்கிற ஒப்பந்தத்தை, பொறுமையா படிங்க. பாண்டு எந்தத் தேதிலேருந்து ஆரம்பிக்குது, சேர்ற நாள்லேருந்தா, முடிக்கிற நாள்லேருந்தா? மாட்யூல் மாட்யூலா மூணு வருஷம் இழுத்தா, முடிச்ச நாள்லேருந்து ரெண்டு வருஷம்னா மொத்தம் அஞ்சு வருஷம் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும். நடுவுல விலகினா முழுத் தொகையா, மீதி மாசத்துக்குத் தகுந்த மாதிரியா? ஃபெயில் ஆனா யார் குடுக்கணும்? நான் முன்னாடி இருந்த ஒரு இடத்துல இதெல்லாம் வாய்ப்பேச்சாவே இருந்துச்சு, மேனேஜர் மாறினதும் அந்தப் பேச்சும் போச்சு.

காசைவிட நேரத்தைக் கேளுங்கன்னு சொல்லுவேன். அசைன்மென்ட் வாரத்துல ஒரு நாள் லீவு, எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்க சீனியர்கூட மாசம் ரெண்டு மணிநேரம், இதெல்லாம் கிடைச்சா ஃபீஸ்ல பாதியைவிட மதிப்பு.

5. பேப்பர் வேலை: இங்கதான் என் ஆறு மாசம் போச்சு

பொதுவா கேட்கிறது: டிகிரி சர்டிஃபிகேட், டிரான்ஸ்கிரிப்ட், பாஸ்போர்ட், சிவி, முதலாளி லெட்டர், லைசென்ஸ் கொடுத்த இடத்துலேருந்து குட் ஸ்டாண்டிங் லெட்டர் (நம்ம மேல புகார் எதுவும் இல்லைன்னு சொல்றது). பட்டியல் சின்னதுதான், ஒவ்வொண்ணுலயும் ஒரு முடிச்சு இருக்கு.

பேர் முடிச்சு. நம்மவங்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. என் ஐசிலயும் பாஸ்போர்ட்லயும் பேருக்கு நடுவுல டி/ஓ (டாட்டர் ஆஃப்) போட்டு அப்பா பேர். டிகிரில டி/ஓ இல்லாம என் பேரும் அப்பா பேரும் மட்டும். யுகே ஆன்லைன் ஃபாரத்துல சர்நேம் கட்டாயம், சாய்கோடு போட்டா ஏத்துக்கவே மாட்டேங்குது. நான் கோட்டை எடுத்துட்டு சேர்த்து டைப் பண்ணேன், மூணு ஆவணத்துல மூணு விதமா பேர், விண்ணப்பம் நின்னு போச்சு. ஒரு ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன் பண்ணுங்க, இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு கமிஷனர் ஃபார் ஓத்ஸ் முன்னாடி கையெழுத்துப் போடுறது. சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டர்ல வக்கீல் ஆபீஸ் வரிசையா இருக்கு, ஃபோன் பண்ணி விலை கேட்டுட்டுப் போங்க. அதை ஸ்கேன் பண்ணி ஒவ்வொரு விண்ணப்பத்தோடவும் நீங்களே இணைச்சுடுங்க, அவங்க கேட்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னொண்ணு, சர்டிஃபிகேட்ல எந்தப் பேர் அச்சாகும்னு அப்பவே எழுதிக் கேட்டுடுங்க, பின்னாடி மாத்தறது பெரிய கஷ்டம்.

நகல் முடிச்சு. "சர்டிஃபைட் காப்பி"ன்னா யார் சர்டிஃபை பண்ணணும்னு முதல்ல யுனிவர்சிட்டிக்கு ஈமெயில் போட்டுக் கேளுங்க. நோட்டரி வேணும்னா நோட்டரி பப்ளிக்தான், கமிஷனர் ஃபார் ஓத்ஸ் கையெழுத்து செல்லாது, நான் இதுல ஒரு தடவை காசு விட்டேன். நோட்டரி பண்ணது வெளிநாட்டுக்குப் போறதுன்னா சிங்கப்பூர் அகாடமி ஆஃப் லால அப்போஸ்டில், அதாவது அந்தக் கையெழுத்து நிஜம்தான்னு வெளிநாட்டுக்குக் காட்டுற சான்று, வாங்கணும், நம்ம நாட்டுல அப்போஸ்டில் முறை 2021 செப்டம்பர் 16லேருந்து நடைமுறைல இருக்கு. ஆனா நீங்க ஆஸ்திரேலியாலயோ நியூசிலாந்துலயோ படிச்சவங்கன்னா இந்த அலைச்சலே வேண்டாம்: மைஈக்வல்ஸ் தளத்துல உங்க யுனிவர்சிட்டியோட டிஜிட்டல் டிரான்ஸ்கிரிப்ட் இருக்கான்னு பாருங்க, இருந்தா லிங்க் அனுப்பினாப் போதும், பல இடம் அதை நேரடியா சரிபார்த்து ஏத்துக்கும். இதை எனக்கு ஒருத்தர் சொன்னது நோட்டரிக்குக் காசு கட்டி முடிச்ச மறுவாரம்.

குட் ஸ்டாண்டிங் முடிச்சு. நமக்கு லைசென்ஸ் குடுக்கிறது என்பார்க்ஸ் கீழ இருக்கிற அனிமல் அண்ட் வெட்னரி சர்வீஸ், அதாவது ஏவிஎஸ், 2019 ஏப்ரல்ல முன்னாடி இருந்த ஏவிஏ அமைப்பு கலைஞ்சப்போ வந்தது. வேற நாட்டுலயும் ரெஜிஸ்டர் ஆகியிருந்தா அங்கேருந்தும் லெட்டர் கேட்கலாம், நான் ஆஸ்திரேலியா ரெஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பிக்காம விட்டிருந்தேன், அதுக்கு விளக்கம் எழுத வேண்டியதாச்சு. இந்த மாதிரி லெட்டர்கள் பெரும்பாலும் மூணு மாசத்துக்குத்தான் செல்லும், அதனால மத்த எல்லா ஆவணமும் கைல வந்த பிறகு கடைசியா இதை வாங்குங்க. நான் முதல்ல வாங்கிட்டேன், டிரான்ஸ்கிரிப்ட் வர்றதுக்குள்ள காலாவதி ஆயிடுச்சு.

மொத்தத்துல விண்ணப்பம் மூடுற தேதிக்கு நாலு மாசம் முன்னாடி ஆரம்பிங்க. யுகேல பெரும்பாலான கோர்ஸ் செப்டம்பர்ல ஆரம்பிக்கும், அப்படின்னா விசாக தினத்துக்கு முன்னாடியே ஃபைல் திறந்திருக்கணும்.

6. பணம்: ஃபீஸ் பக்கத்துல போட்டிருக்கிற எண் மட்டும் இல்ல

ஒரு எக்செல்ல இத்தனை வரி போடுங்க: யுனிவர்சிட்டிக்கு மாட்யூல் ஃபீஸ், பட்டம் குடுக்கிற அமைப்புக்குத் தனியா என்ரோல்மென்ட் ஃபீஸ், தேர்வு ஃபீஸ், திரும்ப எழுதினா அதுக்கு ஃபீஸ், ஆவணச் செலவு, வங்கிக் கட்டணம், அப்புறம் லீவு எடுத்து இழக்கிற சம்பளம். லோகம், அதாவது நாள்கணக்குல மத்த கிளினிக்குக்குப் போயி வேலை, பார்க்கிறவங்களுக்கு இந்தக் கடைசி வரிதான் எல்லாத்தையும்விடப் பெருசா வரும்.

சர்ட்ஏவிபில முதல் ரெண்டு வரியும் தனித்தனி ஆளுக்குப் போறது, ஒண்ணைக் கட்டிட்டு எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும், மாட்யூல் மாட்யூலா எடுக்கிறவங்க அந்தந்த வருஷ விலைலதான் கட்டணும், மூணு வருஷத் திட்டம்னா கொஞ்சம் கூடுதலாவே ஒதுக்கி வைங்க. யுகே யுனிவர்சிட்டிகள்ல வெளிநாட்டு மாணவர் ஃபீஸ் வேற, உள்நாட்டு ஃபீஸ் வேறன்னு இருக்கிற கோர்ஸும் இருக்கு, ஆன்லைன்னா எல்லாருக்கும் ஒரே ஃபீஸ்னு இருக்கிற கோர்ஸும் இருக்கு, பக்கத்தை நல்லா பார்த்துட்டு சந்தேகம்னா எழுதிக் கேளுங்க.

பவுண்டு சுமாரா 1.70 வெள்ளின்னு வச்சுக்கிட்டு கணக்குப் போடுங்க, ஆனா நம்ம பேங்க் கிரெடிட் கார்டுல வெளிநாட்டு நாணயத்துல கட்டினா 3 சதவீதத்துக்கு மேல கட்டணம் சேரும். 2,000 பவுண்டு கட்டினா அதுலயே நூறு வெள்ளிக்கு மேல போயிடும். வைஸ், யூட்ரிப் மாதிரி வழில கட்டினா குறையும், யுனிவர்சிட்டி அதை ஏத்துக்குமான்னு மட்டும் பார்த்துக்கோங்க. கட்டும்போது "சிங்கப்பூர் வெள்ளில கட்டுறீங்களா"ன்னு திரைல கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, அந்த மாற்று விகிதம் மோசமா இருக்கும்.

ஜிஎஸ்டி. வெளிநாட்டு நிறுவனம் இங்க இருக்கிற தனிநபருக்கு இணையம் வழியா விக்கிற சேவைக்கும் இப்ப ஜிஎஸ்டி உண்டு, டிஜிட்டல் சேவைக்கு 2020லேருந்து, நேரலை வகுப்பு மாதிரி மத்த தொலைசேவைக்கு 2023லேருந்து. இங்க ஜிஎஸ்டிக்குப் பதிஞ்ச நிறுவனமா இருந்தா பில்லுல 9 சதவீதம் ஏறும். வெப்சைட் விலைல அது இருக்காது, கடைசிப் பக்கத்துலதான் தெரியும்.

வரி விலக்கை நம்பி உட்காராதீங்க. முன்னாடி கோர்ஸ் ஃபீஸ் ரிலீஃப்னு வருஷத்துக்கு 5,500 வெள்ளி வரைக்கும் கழிக்கலாம், அது 2026 கணக்கு வருஷத்துலேருந்து இல்ல, அதாவது 2025ல கட்டின காசுக்கே கிடையாது. பழைய கட்டுரைகள்ல இன்னும் அதைப் போட்டு வச்சிருக்காங்க. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டும் அவங்க அங்கீகரிச்ச பட்டியல்ல இருக்கிற கோர்ஸுக்கு மட்டும்தான், வெளிநாட்டு யுனிவர்சிட்டில நேரா சேர்றதுக்கு அதை எண்ணி பட்ஜெட் போடாதீங்க.

பல யுகே யுனிவர்சிட்டில சேர்ந்த 14 நாளுக்குள்ள விலகினா ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். அந்த 14 நாள் எப்ப தொடங்குதுன்னு காலண்டர்ல குறிச்சு வைங்க, இடம் ஒப்புக்கிட்ட நாளா, வகுப்பு தொடங்குற நாளா, இடத்துக்கு இடம் மாறும். நான் விலகினது நாலாவது வாரம்.

7. நேர வித்தியாசம்

லண்டன் நம்மைவிட குளிர்காலத்துல 8 மணிநேரம், கோடையில 7 மணிநேரம் பின்னாடி. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவங்க கடிகாரம் மாறுற நாள். அங்க சாயங்காலம் ஏழு மணி நேரலை வகுப்புன்னா இங்க குளிர்காலத்துல விடிகாலை மூணு. காசு கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: ரெக்கார்டிங் இருக்கா, நேரலைல இல்லாட்டி மார்க் குறையுமா?

லண்டன் நடுராத்திரி கெடுன்னா நமக்கு மறுநாள் காலை வரைக்கும் நேரம் இருக்கு, அது லாபம். ஆஸ்திரேலியா அப்படியே தலைகீழ். சிட்னி நம்மைவிட 2 மணிநேரம் முன்னாடி, அக்டோபர் முதல் ஞாயிறுலேருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரைக்கும் 3 மணிநேரம், அவங்க நடுராத்திரி கெடு நமக்கு ராத்திரி ஒன்பது மணிக்கே முடிஞ்சுடும். பெர்த் மட்டும் நம்ம நேரமே. லேட்டா குடுத்தா பல யுனிவர்சிட்டில நாளுக்கு 5 மார்க் குறைப்பாங்க, "கிளினிக் பிஸி"ங்கிறதைக் காரணமா ஏத்துக்கமாட்டாங்க.

டிசம்பர், சீனப் புத்தாண்டு நேரத்துல கிளினிக் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். யுகே மாட்யூல்ல கெடு டிசம்பர் ஜனவரில விழுந்தா வேலையை நவம்பர்லயே முடிக்கிற மாதிரி திட்டம் போடுங்க.

8. கேஸ் சேர்க்கிறதை இன்னைக்கே ஆரம்பிங்க, சேர்றதுக்கு முன்னாடியே

இதுதான் நான் அதிகமா சொல்ல விரும்புற விஷயம். நிறைய கோர்ஸ்ல கேஸ் லாக், கேஸ் ரிப்போர்ட் கேட்பாங்க. கேஸ் நம்மகிட்ட நிறைய இருக்கு, ஆனா எழுத உட்காரும்போதுதான் தெரியும் அதுல பாதிக்கு மேல அளவுகளே இல்லைன்னு. வயசான பூனை, சிறுநீரகம் போயிட்டிருக்கு, கிரியாட்டினின் பார்த்திருப்போம், ரத்த அழுத்தம் எடுத்திருக்கமாட்டோம், சிறுநீர்ல புரோட்டீன் கிரியாட்டினின் விகிதம் பார்த்திருக்கமாட்டோம். சிறுநீரக நோயை நிலை நிலையாப் பிரிக்கிற ஐரிஸ் வகைப்படி நிலையும் துணைநிலையும் சொல்லணும்னா அதெல்லாம் வேணும், இல்லாட்டி அந்தக் கேஸ் ரிப்போர்ட்டுக்கு உதவாது. என்னோட பதினாலு பூனைக் கேஸ்ல மூணுதான் தேறிச்சு. அதுக்கப்புறம் எடை, பாடி கண்டிஷன் ஸ்கோர், ரத்த அழுத்தம் மூணும் இல்லாம ஃபைல் மூடுறதில்லைன்னு நர்ஸ்கள்கிட்ட பேசி வச்சோம். சர்டிஃபிகேட்டை விடுங்க, பூனைகளுக்கே அது நல்லதா போச்சு, ரெண்டு பூனைக்கு யாரும் நினைக்காத ரத்தக்கொதிப்பு பிடிபட்டுச்சு.

நம்ம ஊருக்குன்னு ஒரு பலம் இருக்கு, அதைப் பயன்படுத்திக்கோங்க. எச்டிபில சின்ன இன நாய்தான், அதனால நமக்கு மைட்ரல் வால்வு (இதய வால்வு நோய்) கேஸுக்குக் குறைவே இல்ல. மர்மர் (இதயத்துல கேட்கிற கூடுதல் சத்தம்) கேட்டதும் மாத்திரை எழுதாம, எக்ஸ்ரேல இதய அளவு, எக்கோல இடது ஏட்ரியத்துக்கும் அயோர்ட்டாக்கும் உள்ள விகிதம் 1.6 தாண்டுதான்னு பார்த்து நோய் நிலை பி1ஆ (இதயம் பெருக்கல) பி2ஆ (பெருத்திருக்கு)ன்னு குறிச்சு வச்சா, அதே கேஸ் ரெண்டு வருஷம் கழிச்சு அருமையான ரிப்போர்ட் ஆகும். பூனைகளும் 2024 செப்டம்பர் 1லேருந்து எச்டிபில அனுமதி, மறைச்சு வளர்த்தவங்க இப்ப தயங்காம கூட்டிட்டு வர்றாங்க.

நாய்களுக்கு வர்ற உண்ணிக் காய்ச்சல் கேஸ் எழுதுங்க. பபேசியா கிப்சோனி, எர்லிக்கியா எல்லாம் யுகே எக்ஸாமினர் தினமும் பார்க்கிறது இல்ல, நாம பார்க்கிறோம். ஆனா அவங்களுக்குப் புரியிற மாதிரி பின்னணியோட எழுதணும்: ஏன் ஸ்மியரோட (ரத்தத்தை மைக்ரோஸ்கோப்ல பார்க்கிறது) நிறுத்தாம பிசிஆர் அனுப்பினோம், ஏன் அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் குடுத்தோம், ஓனரால எவ்வளவு செலவு பண்ண முடிஞ்சுது. அதே மாதிரி யுகே பாடத்துல வர்ற நுரையீரல் புழு, கேஸ்கேடுன்னு அவங்க மருந்து விதி, இதெல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாது. "எங்க நாட்டுல இந்த மருந்து இல்ல, அதனால இதைத் தேர்ந்தெடுத்தேன், இதுக்கு ஆதாரம் இது"ன்னு எழுதினா மார்க் குறையாது. எழுதாம விட்டாத்தான் ஏன்னு கேள்வி வரும்.

ஓனர் சம்மதம் கட்டாயம். நம்ம தனிநபர் தரவுச் சட்டம் 2012லேருந்தே இருக்கு, கேஸைப் படிப்புக்குப் பயன்படுத்துறோம்னு ரெஜிஸ்ட்ரேஷன் ஃபாரத்துல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. ரிப்போர்ட்ல ஓனர் பேர், ஐசி, விலாசம், மைக்ரோசிப் நம்பர் எதுவும் இருக்கக்கூடாது. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் படத்தோட மூலைல பொடி எழுத்துல ஓனர் பேர் இருக்கும், அதை மறந்துடாதீங்க. எனக்கு ஒரு ரிப்போர்ட் அதுக்காகவே திரும்பி வந்துச்சு.

9. எழுதுற முறை

நமக்கு வரலாறு, பரிசோதனை, சிகிச்சைன்னு வரிசையா எழுதத்தான் பழக்கம். அங்க கேட்கிறது வேற: நீ என்ன முடிவு எடுத்த, ஏன் எடுத்த, இப்ப இருந்தா எதை மாத்துவ. என் முதல் ரிப்போர்ட்டுக்கு வந்த கருத்து, "கேஸ் நல்லா இருக்கு, உங்களைக் காணோம்"ங்கிற அர்த்தத்துல. செஞ்ச தப்பை எழுதினா ஃபெயில் பண்ணிடுவாங்கன்னு பயந்து மறைச்சிருந்தேன். அடிப்படை மாட்யூலை முதல்ல எடுத்ததால அந்தக் குட்டு அங்கேயே விழுந்துச்சு, பின்னாடி வந்த மெடிசின் மாட்யூல்ல பிழைச்சேன்.

ஆதாரக் கட்டுரைக்குக் காசு செலவு பண்ணாதீங்க. சேர்ந்ததும் யுனிவர்சிட்டி லைப்ரரி லாகின் வரும். அதுக்கு முன்னாடியே ஆர்சிவிஎஸ் நாலெட்ஜ் நடத்துற ஈபிவிஎம் (ஆதாரத்தை வச்சு சிகிச்சை பண்றது) பாடம் இலவசம், ஐவிஐஎஸ்ங்கிற வெட்னரி புத்தகத் தளம் இலவசம், டபிள்யூசாவாங்கிற உலகச் சின்னப் பிராணி வெட்னரி சங்கத்தோட வழிகாட்டிகள் இலவசம். மேற்கோளுக்கு ஸொட்டேரோ சாஃப்ட்வேர் போட்டுக்கோங்க, அதுவும் இலவசம், முதல் நாளே போடுங்க, நான் எழுபது மேற்கோளைக் கையால திருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைச்சேன். உங்க பழைய அசைன்மென்ட்லேருந்தே ஒரு பத்தி எடுத்துப் போட்டாலும் காப்பியைக் கண்டுபிடிக்கிற டர்னிட்டின் பிடிச்சுடும், அதுவும் காப்பிதான்.

10. ரிசல்ட் வந்த பிறகு

டிரான்ஸ்கிரிப்ட்டோட டிஜிட்டல் நகலை உடனே டவுன்லோட் பண்ணிடுங்க, யுனிவர்சிட்டி லாகின் கொஞ்ச நாள்ல மூடிடும், லைப்ரரியும் அதோட போயிடும், வேணுங்கிற கட்டுரைகளை அதுக்குள்ள எடுத்து வைங்க. முதலாளிக்கு ஒரு காப்பி குடுத்து பாண்டு தொடங்குற தேதியை ஈமெயில்ல உறுதி பண்ணிக்கோங்க. யுகேல அட்வான்ஸ்டு பிராக்டிஷனர்னு ஒரு அந்தஸ்து இருக்கு, சர்டிஃபிகேட் முடிச்சதும் தானா வராது, தனியா விண்ணப்பிக்கணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். இங்கயே வேலை பார்க்கப் போறவங்க அதுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க, நான் கட்டல, அந்தக் காசுக்கு கிளினிக்ல இல்லாத ஒரு நல்ல ரத்த அழுத்த மானிட்டர்ல என் பங்கைப் போட்டேன்.